முதல் கிண்ணம் நெவிலுக்கு

கறுப்புப் பட்டாணியை முந்தின நாளே ஊறப் போட்டுடணும், கண்ணு. அதுல இருக்கிற சூட்சுமமே அவ்வளவுதான். ஊறப் போட்டாச்சுன்னா அப்புறம் மனசு மாறக் கூடாது. மறுநாள் வேக வச்சு, உப்புப் போட்டு, வினிகர் ஊத்தி, யாருக்காவது சாப்பிடக் குடுத்துடணும். அப்படியே விட்டா நுரைச்சு, புளிச்சு, சமையல்கட்டே நாறிப் போயிடும்.

'கண்ணு'ன்னு கூப்பிடறதுக்குக் கோவிச்சுக்காதீங்க. வாழ்க்கை பூரா பீர் ஊத்தின பொம்பளை நான். நீதிபதியே வந்து உக்காந்தாலும் எனக்குக் கண்ணுதான். டீ நல்லா இருக்கு. சரி, நல்லா இல்ல. ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல டீ நல்லா இருந்தா ஊர்ல இருக்கறவன் எல்லாம் தப்பு பண்ணிட்டு வந்து உக்காந்துக்குவான், அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம். ஆறட்டும், குடிக்கிறேன்.

என் புருஷனோட சாம்பல் விஷயமா ஒரு வாக்குமூலம் குடுக்கணும்னு முன்னாடி உக்காந்திருந்த அம்மாகிட்ட சொன்னேன். 'தொலைஞ்ச சாமானுக்கு அந்தக் கவுண்ட்டர்'னு கையைக் காட்டினா. தப்பு அவ மேல இல்ல. நல்ல கோட்டு போட்டு, தலை சீவி, பஸ் ஏறி வந்த கிழவியைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். அதான் உங்களைக் கேட்டேன். உங்க அப்பா எங்க பப்புக்கு வருவாரு, எனக்கு ஞாபகம் இருக்கு. அவரும் உங்களை மாதிரியே எதையும் ரெண்டு தடவை கேப்பாரு.

ஹாடர்பில மூணு கொக்கு பப் தெரியாதவங்க கிடையாது. குவாரி லேன்ல கடைசிக் கட்டடம். எங்க அப்பா வாங்கினது, அவருக்கப்புறம் எனக்கு. நான் பொறந்ததே அதோட மாடியிலதான். எங்க பின்கட்டுச் சுவர்தான் கால்பந்து கிரவுண்டுக்கும் சுவர். அந்தப் பக்கம் குவாரி முனை, அதாவது கோல் போஸ்டுக்குப் பின்னாடி சனம் நின்னு கத்தற இடம். எங்க ஊர் டீம் ஹாடர்பி டவுன் கோல் போட்டா எங்க அலமாரியில கண்ணாடி டம்ளர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். நான் ஒரு மேட்ச் கூட உள்ள போய்ப் பாத்ததில்ல. டம்ளர் சத்தத்தை வச்சே ஸ்கோர் சொல்லிடுவேன். எங்க பசங்க விளையாடற லட்சணத்துக்கு டம்ளருங்க பெரும்பாலும் நிம்மதியா இருந்துது, அது வேற விஷயம். ஆனா அந்தச் சத்தம் கேக்கறப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

மத்த நாள்ல ஈ ஓட்டுவோம். ஆல்பின்னு ஒருத்தன், பொண்டாட்டியைப் பறிகுடுத்தவன், அவன் மட்டும் ஒரு கிளாஸ் பீரை வச்சுக்கிட்டு அதுக்குள்ள எதையோ தொலைச்ச மாதிரி பாத்துக்கிட்டு இருப்பான். மேட்ச் இருக்கிற சனிக்கிழமைன்னா கதவு திறக்கறதுக்கு முன்னாடியே தெரு அடைச்சுடும். அந்த ஒரு சனிக்கிழமைதான் மத்த நாளுக்கெல்லாம் சேத்து எங்களுக்குச் சோறு போட்டுது.

அப்புறம் கிளப்புக்குப் பெரிய மனுஷ ஆசை வந்துது. பழைய கிரவுண்டு இடிஞ்சு விழுதாம், ரிங் ரோட்டுப் பக்கம் புது மைதானம் கட்டணுமாம். அதுக்கு ஒரு சோபா கம்பெனி பேரை வைக்கப் போறாங்க. பழைய இடத்தை வீடு கட்டறவங்களுக்கு வித்தாத்தான் புதுசுக்குக் காசு. இந்தப் பேச்சு வந்ததுமே குவாரி லேன்ல இருந்த பப் எல்லாம் ஒண்ணொண்ணா கண்ணை மூடிச்சு. ரயில்வே பப் இப்ப கார்பெட் கடை. ஆட்டுக்கிடா பப், பொம்பளைங்க நகத்துக்குச் சாயம் பூசற கடை. க்ரௌன்ல பகல் நேரத்துல சின்னப் பிள்ளைங்களை விட்டுட்டுப் போறாங்க. தரையில உருண்டு அழுவுதுங்க, வாந்தி எடுக்குதுங்க, தூங்கிடுதுங்க, அதனால க்ரௌன்ல மட்டும் பெரிய வித்தியாசம் தெரியல. மிச்சம் இருந்தது நாங்கதான்.

கிளப்புலேருந்து ஜூலியன்னு ஒருத்தன் எங்க பப்புல கூட்டம் போட்டான். மக்களோட உறவு வச்சுக்கறதுதான் அவனுக்கு வேலையாம், அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. கொட்டற நவம்பர் மழையில கணுக்கால் தெரியற மாதிரி பேன்ட், காலுறை கிடையாது.

"நாம எதையும் இழக்கல. நம்ம நினைவுகளை நம்மளோட எடுத்துட்டுப் போறோம்"னு ஆரம்பிச்சான்.

"நினைவை நீ எடுத்துட்டுப் போ ராசா. கிரவுண்டை மட்டும் வச்சுட்டுப் போ"ன்னான் ஆல்பி.

எல்லாரும் சிரிச்சாங்க. ஆல்பி சிரிக்கல. "சிரிக்காதீங்கடா. என் ஐரீன் அங்க கோலுக்குப் பின்னாடி இருக்கா. அவ தலை மேல கக்கூஸ் கட்டப் போறியா, சொல்லு"ன்னு கேட்டான்.

எங்க ஊர்ப் பழக்கம் உங்களுக்கே தெரியும். டவுன் ரசிகன் செத்தா, எரிச்ச சாம்பலைச் சின்ன மரப்பெட்டியில போட்டு குவாரி முனை கோலுக்குப் பின்னாடி புதைப்போம். பாதிரியார் ஜெபம் சொல்லுவாரு, எல்லாரும் கிளப் பாட்டு பாடுவாங்க, அப்புறம் நேரா மூணு கொக்குக்கு வந்து அழுவாங்க. சாவு எங்களுக்கு நல்ல வியாபாரம்தான், மறைக்க மாட்டேன்.

ஜூலியன் உடனே முகத்தைத் துக்கமா மாத்திக்கிட்டான். "குடும்பத்தோட சம்மதம் இல்லாம ஒரு பெட்டியைக் கூடத் தொட மாட்டோம். ஒரே ஒரு குடும்பம் வேண்டாம்னு சொன்னாலும் குவாரி முனையில மண்வெட்டி படாது. இது கிளப்போட வாக்கு. இந்த சீசன்ல கடைசி உள்ளூர் மேட்ச் வரைக்கும் காலமாகிறவங்களுக்கும் அங்க இடம் உண்டு. அதுக்கப்புறம் புதுசா யாரையும் வைக்க மாட்டோம்."

நான் பாருக்குப் பின்னாடி டம்ளர் துடைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு மனசு லேசாயிடுச்சு. ஒரே ஒரு குடும்பம் போதும். மண்ணைத் தோண்ட முடியலன்னா வீடு கட்ட முடியாது, வீடு கட்ட முடியலன்னா இடம் விக்காது, இடம் விக்கலன்னா சோபா மைதானமும் கிடையாது, சனிக்கிழமை சனிக்கிழமையாவே இருக்கும். நம்ம ஆளுங்க விட்டுக் குடுக்க மாட்டாங்கன்னு நம்பினேன்.

நம்ம ஆளுங்களைப் பத்தி எனக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும். புது இடத்துல பளபளன்னு கறுப்புக் கல்லுல சுவர், பேரெல்லாம் தங்க எழுத்து, மேல கூரைன்னு ஜூலியன் படம் காட்டினான். கூரைன்னதும் அவ்வளவு பேரும் விழுந்துட்டாங்க. "ஐரீனுக்கு மழை ஆகாது"ன்னு ஆல்பிதான் முதல் ஆளா சம்மதம் சொன்னான். அவ உயிரோட இருந்தப்ப மழையில பஸ்ஸுக்கு நிக்க விட்டுட்டு எங்க பப்புல உக்காந்திருந்த ஆளு. ஈஸ்டர் வர்றதுக்குள்ள எல்லாக் குடும்பமும் சரின்னுடுச்சு.

எனக்கு அங்க யாரும் இல்ல. எங்க அப்பா ரக்பி பாக்கற ஆளு, அவரைக் கால்பந்துக் கோலுக்குப் பின்னாடி வச்சிருந்தா எழுந்து நடந்தே போயிருப்பாரு. அதனால வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. உரிமைக்கு ஒரு பெட்டி வேணும், பெட்டிக்கு ஒரு ஆள் வேணும். இதை நான் கெட்ட எண்ணத்தோட யோசிக்கல. பாட்டிலை அடுக்கறப்ப தானா வர்ற யோசனை மாதிரிதான் வந்துது.

என் புருஷன் நெவில் நல்லவன். அதுல ரெண்டு பேச்சு கிடையாது. குவாரி முனையில நின்னு கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போனவன். நான் காலி டம்ளரைப் பொறுக்கினா அவன் கழுவி வைப்பான், எனக்குக் கோவம் வந்தா கீழ் அறைக்குப் போய் பீப்பாய்ங்களோட பேசிக்கிட்டு இருப்பான். இருதயம் கொஞ்சம் சோம்பேறி, அதுக்கு மாத்திரை சாப்பிட்டான், மத்தபடி திடகாத்திரம். எங்க கல்யாண விருந்துலயே எழுந்து நின்னு சொன்னான்: "நான் செத்தா குவாரி முனையில வச்சுடு க்ளெண்டா. இடது போஸ்டுக்குப் பக்கத்துல. நம்ம கோல்கீப்பர் அந்தப் பக்கம்தான் கோட்டை விடுவான், நான் காலை நீட்டித் தடுக்கறேன்." அவனுக்கு அதுதான் ஆசை. நான் அவன் மனசுல எதையும் திணிக்கல, பாத்துக்கங்க. அவனோட ஆசை அது.

அடுத்தது பட்டாணி. மேட்ச் நாள்ல கதவுத் தாழ்ப்பாளை எடுக்கறதுக்கு முன்னாடி முதல் கிண்ணம் நெவிலுக்கு. அவன் முடிக்கற வரைக்கும் வேற யாரும் கரண்டி எடுக்கக் கூடாது. ஒரு பட்டாணி மிச்சம் வச்சாலும் கோல் வாங்குவோம். முடிச்சதும் கிண்ணத்தைக் கவுத்து பார் மேல வைப்பான். கடைசி விசில் ஊதற வரைக்கும் அதை யாரும் நிமித்தக் கூடாது. ஒரு தடவை வேலைக்குப் புதுசா வந்த பொண்ணு தெரியாம நிமித்திக் கழுவிட்டா. அன்னைக்கு ஆறு கோல் வாங்கினோம். வழக்கமா நாலு வாங்குவோம், இருந்தாலும் பழி அவ தலையில. அழுதுக்கிட்டே வேலையை விட்டுட்டா.

வெளிய நிக்கற கூட்டம் ஜன்னல் கண்ணாடியில மூக்கை ஒட்டி வச்சுக்கிட்டு அவன் சாப்பிடறதைப் பாக்கும். "தின்னு நெவ், தின்னு"ன்னு தாளம் போடும். அவனுக்கு அது பிடிக்கும். வாழ்க்கையில வேற எதுக்கும் யாரும் அவனுக்குக் கை தட்டினது கிடையாது.

அந்தப் பட்டாணியைப் பாத்துட்டுத்தான் ஜூலியனுக்கு மூளை வேலை செஞ்சிருக்கு. புது மைதானத்துக்குள்ள ஒரு பார் வைக்கறாங்களாம், பேரு 'பழைய கொக்கு'. எங்க பப்போட போட்டோவைச் சுவர்ல ஒட்டுவாங்களாம். நெவிலை நடுவுல நிறுத்தி, மேட்ச் நாள்ல மைக்குல சொல்லி, பட்டாணி திங்க வைப்பாங்களாம். இதை நெவில் என்கிட்ட வந்து ஒரு தட்டு நிறைய இனிப்பு மாதிரி நீட்டினான்.

"பீப்பா தூக்க வேண்டாம் க்ளெண்டா. மாடிப்படி ஏற வேண்டாம். என் முட்டியும் போச்சு."

"முட்டி போனா முட்டியைப் பாரு. என் பப்பை ஏன் பாக்கற?"

"நம்ம பப்."

"எங்க அப்பா பப்."

"சரி தாயே, உங்க அப்பா பப். அடுத்த வருஷம் அதுல யாரு வந்து உக்காருவா, அதைச் சொல்லு. உங்க அப்பாவா? நீயும் என்னோட அங்க வாயேன்."

"எதுக்கு? போட்டோவுக்குப் பக்கத்துல நின்னு இதுதான் அசல்னு காட்டவா?"

"ஒரு வார்த்தை பேச விடறியா பாரு."

"பேசேன். அந்தக் கணுக்கால்காரன்கிட்ட போய்ப் பேசு. அவனுக்குத்தான் பேசறதுக்குச் சம்பளம்."

அவன் கீழ் அறைக்குப் போயிட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுது கண்ணு. நாய் கூட வீட்டு வாசல்லதான் படுக்கும். இவன் என்னோட பட்டாணியைத் தூக்கிட்டுப் போய் சோபாக் கம்பெனி வீட்டுல திங்கப் பாக்கறான். நான் தப்பா நினைச்சேன்னு நீங்க சொல்ல முடியாது, அந்த நேரத்துல என் நிலைமையில இருந்தா யாரும் அப்படித்தான் நினைப்பாங்க.

கடைசி உள்ளூர் மேட்ச் வந்துது. ஜெயிச்சா அதே டிவிஷன்ல இருப்போம், தோத்தா கீழ இறங்கணும். கடைசி மேட்ச்ங்கறதால ஊரே வந்திருந்துது. மேட்ச்சே பாக்காதவங்க, ஊரை விட்டுப் போனவங்க, ரயில்வே பப்பை மூடி கார்பெட் கடைக்குக் குடுத்தவன் உள்பட எல்லாருக்கும் திடீர்னு கண்ணுல தண்ணி. வாரா வாரம் வந்து குடிச்சிருந்தா அவ்வளவு கண்ணீருக்கு வேலை வந்திருக்காதுன்னு சொல்லத் தோணிச்சு. சொல்லல, வியாபார நேரம்.

அன்னைக்குப் பட்டாணியில வினிகரை வழக்கத்தை விடத் தாராளமா ஊத்தினேன். அவனோட மாத்திரையும் அதுல இருந்துது, டாக்டர் சொன்னதை விடத் தாராளமா. எவ்வளவுன்னு கேக்காதீங்க. நான் கை அளவுல சமைக்கறவ.

நெவில் கழுத்துல டவுன் மஃப்ளரைச் சுத்திக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தான். வெளிய தாளம் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வாய் வச்சதும் கரண்டியைக் கீழ வச்சான்.

"கசக்குது க்ளெண்டா."

"வினிகர் புதுசு."

"வினிகர் புளிக்கும்டி. இது கசக்குது. வேற கிண்ணம் குடேன்."

"முதல் கிண்ணம் இதுதான். ரெண்டாவதைச் சாப்பிட்டா அது முதல் கிண்ணமா? எனக்கென்ன வந்துது, வச்சுட்டு எழுந்துக்கோ. தோத்தா வெளிய நிக்கறவங்களுக்கு நீ பதில் சொல்லு."

அவன் ஜன்னலைப் பாத்தான். கண்ணாடி பூரா மூக்கு. ஆல்பி தோள்ல யாரோ ஒரு சின்னப் பொண்ணை ஏத்தி வச்சிருந்தான், அவளும் கையைத் தட்டிக்கிட்டு 'தின்னு நெவ்'ங்கறா. நெவில் மறுபடி கரண்டியை எடுத்தான். முகத்தைச் சுளிச்சுக்கிட்டே கடைசிப் பட்டாணி வரைக்கும் வழிச்சுத் தின்னான். கிண்ணத்தைக் கவுத்தான். ஊரே ஆரவாரம் பண்ணிச்சு. நான் ஒருத்தி செஞ்ச வேலைன்னு நீங்க எழுதிக்கலாம், ஆனா எனக்கு அன்னைக்கு நிறைய பேரோட ஒத்துழைப்பு இருந்துது.

போறப்ப என் கன்னத்துல முத்தம் குடுத்தான், வினிகர் வாசனையோட. "மேட்ச் முடிஞ்சு வந்து உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நல்ல விஷயம்தான், மூஞ்சியை அப்படி வச்சுக்காத"ன்னான். போய்ட்டு வான்னேன்.

முதல் பாதி பூரா டம்ளருங்க அசையல. ரெண்டாவது பாதியில திடீர்னு அலமாரியே குலுங்கற மாதிரி இடிச்சுது, டவுன் கோல். எனக்கு வழக்கம் போல உடம்பு சிலிர்த்துது. கொஞ்ச நேரத்துல மறுபடி லேசா இடிச்சுது. கோலுக்கு இடிக்கிற இடி இல்ல அது. கூட்டம் ஒரு பக்கமா விலகினா அப்படித்தான் கேக்கும். நான் ஒரு டம்ளரைப் பிடிச்சு நிறுத்திட்டு, கடைசி விசில் கேக்கற வரைக்கும் பார்லயே நின்னேன். கிண்ணத்தைத் தொடல, முறைன்னா முறைதான். விசில் கேட்டப்புறம் நிமித்திப் பாத்தேன். ஒரு பட்டாணி மிச்சமில்ல. நல்லாத் தேய்ச்சுக் கழுவி வச்சேன்.

ஆல்பிதான் ஓடி வந்தான், மூச்சு வாங்க. "கோலைப் பாத்துட்டான் க்ளெண்டா. கோலைப் பாத்துட்டுத்தான் விழுந்தான். சிரிச்ச முகமா இருந்துது"ன்னு சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சு அழுதான். ஒண்ணுக்குப் பூஜ்யம், டிவிஷன்ல தங்கிட்டோம். பட்டாணி வேலை செஞ்சிருச்சுன்னு பின்னாடி யாரோ சொன்னான். ஆமான்னேன்.

டாக்டருக்கும் சந்தேகம் வரல. சோம்பேறி இருதயம், கடைசி மேட்ச், ஒரு கோல்; இதுக்கு மேல அவருக்கு என்ன வேணும். கிளப்பும் சொன்ன வாக்கைக் காப்பாத்திச்சு, கடைசிப் பெட்டியா நெவிலை இடது போஸ்டுக்குப் பக்கத்துல வச்சோம். பாதிரியார், பாட்டு, எல்லாம் முறையா நடந்துது. நெவிலோட தங்கச்சி பாலின் வெயில்ல நின்னுக்கிட்டே, "மழை பெஞ்சா அண்ணன் நனைவானே, அந்தப் புதுச் சுவர்ல வச்சிருக்கலாமே அண்ணி"ன்னு விசும்பினா. அவங்க குடும்பமே கூரைப் பைத்தியம்.

அங்கதான் ஜூலியன் வந்து என் கையைப் பிடிச்சான். அன்னைக்கும் காலுறை இல்ல. "நெவில் மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டாரு, மேடம். மேட்சுக்கு முந்தின நாள் எனக்கு போன் பண்ணினாரு. வேலை வேண்டாம்னுட்டாரு. 'அவ வரமாட்டா, அவ இல்லாம எனக்கு அங்க என்ன இருக்கு'ன்னாரு"ன்னு சொன்னான். பாலின் அதைக் கேட்டு ஓன்னு அழுதா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் என் முதுகைத் தடவிக் குடுத்தாங்க.

அப்புறம் கிளப் என்கிட்ட சம்மதம் கேட்டு வந்துது. வேண்டாம்னேன். என் புருஷன் ஆசைப்பட்ட இடத்துல படுத்திருக்கான், அசைக்க விட மாட்டேன்னேன். பத்திரிகையில என் போட்டோ வந்துது, பட்டாணிக் கிண்ணத்தோட. 'காதலுக்காக ஒரு கிளப்பையே நிறுத்திய பெண்'னு போட்டிருந்தான். அவன் என்னத்தைக் கண்டான். சம்மதம் சொன்னவங்க எல்லாம் வெக்கப்பட்டு என் கையைக் குலுக்கினாங்க, ரெண்டு வாரம் பப்புல நல்ல கூட்டம். ஒரே ஒரு பெட்டி, ஊரையே காப்பாத்திடுச்சுன்னு நினைச்சேன்.

ஆனா பெரிய மனுஷங்களுக்கு மண்ணு ஒரு பக்கம் போனா மூணு பக்கம் இருக்கு. கிளப்பும் கவுன்சிலும் உக்காந்து படத்தை மாத்திட்டாங்க. குவாரி முனையைத் தோண்ட மாட்டாங்களாம், நெவில் பேருல ஒரு நினைவுத் தோட்டமாம். மிச்ச மூணு பக்கமும் வீடு. புது மைதானம் திட்டப்படி வருது. தோட்டத்துல பெஞ்சு, ரோஜா, 'மது அருந்தக் கூடாது'ன்னு போர்டு. சரி, அதையும் பொறுத்துக்கலாம். ஆனா தோட்டத்துக்குப் போக பாதை வேணுமே. மத்த மூணு பக்கமும் வீடு அடைச்சுக்கறதால, குவாரி லேன்லேருந்து ஒரே ஒரு வழிதான் இருக்காம். எங்க பப் வழியா. இடிச்சுட்டு அதுல பாதை போடணும்னு கவுன்சில் ஆள் வந்து மரியாதையாத்தான் சொன்னாரு. "உங்க கணவரைப் பாக்க வர்றவங்களுக்காகத்தானே அம்மா"ன்னாரு. என் டீயைக் குடிச்சுட்டு அதைச் சொன்னாரு.

அன்னைக்குத்தான் கண்ணு நான் முதல் தடவையா நெவிலுக்காக அழுதேன். பார்த்தீங்களா, உயிரோட இருந்தப்பவும் அவனுக்கு ஒரு வேலையைத் தடங்கல் இல்லாம முடிக்கத் தெரியாது.

அதனாலதான் இங்க வந்தேன். ஒரு வக்கீல்கிட்ட விசாரிச்சேன், சிநேகிதி ஒருத்திக்காகக் கேக்கறேன்னு. புருஷனைக் கொன்னவளுக்கு அவன் சாம்பல் மேல எந்த உரிமையும் கிடையாதாம், அடுத்த சொந்தத்துக்குப் போயிடுமாம். அடுத்த சொந்தம் பாலின். அவ கூரைன்னு கேட்டாலே சரின்னுடுவா. பெட்டி புதுச் சுவருக்குப் போயிடும். பெட்டி இல்லன்னா தோட்டம் இல்ல, தோட்டம் இல்லன்னா பாதை இல்ல. மூணு கொக்கு நிக்கும். அதனால தெளிவா எழுதிக்கங்க: நெவில் ஹார்க்னெஸை நான்தான் கொன்னேன், அவனோட மாத்திரையை வச்சு, முதல் கிண்ணம் பட்டாணியில. க்ளெண்டா ஹார்க்னெஸ், சுய நினைவோட சொல்றேன். எழுதினதைப் பாலினுக்குச் சீக்கிரம் சொல்லிடுங்க, அடுத்த மாசம் இடிக்க வர்றாங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க. கேளுங்க.

ஆமா, குவாரி முனையையும் தோண்டிடுவாங்கதான். கிரவுண்டு மொத்தமும் போயிடும். போகட்டுமே. நான் கிரவுண்டுக்காகத்தான் செஞ்சேன்னு எப்பவாவது சொன்னேனா? சொன்னேனா? சரி, சொல்லியிருப்பேன். நெவில் ஆசைக்காகன்னும் சொன்னேன், ஞாபகம் இருக்கு. எல்லாம் உண்மைதான், அந்தந்த நேரத்துக்கு. கிரவுண்டு இல்லாம பப்புக்கு யாரு வருவான்னு நெவிலும் இதையேதான் கேட்டான், நீங்களும் கேக்கறீங்க. புதுசா அவ்வளவு வீடு வருது, அதுல குடிக்கிறவன் ஒருத்தன் கூடவா இருக்க மாட்டான். ஆல்பிகிட்ட சாவியைக் குடுத்துட்டு வந்திருக்கேன். அலமாரியில டம்ளரைத் துடைச்சு வைக்கச் சொல்லியிருக்கேன், சும்மா இருந்தாலும் தூசி படியும்.

இன்னொண்ணா? கேட்டீங்களே, உங்க அப்பா மாதிரியே, ரெண்டாவது தடவை. அவன் அந்த வேலையை வேண்டாம்னு சொன்னது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனான்னா கேக்கறீங்க?

எனக்குத் தெரியுமே, கண்ணு. ஜூலியன் சொல்லியா எனக்குத் தெரியணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி மடிச்சுத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறினேன், நெவில் மேல அறையில கதவைச் சாத்திக்கிட்டு போன் பேசிக்கிட்டு இருந்தான். எனக்குத் தெரியாம பேசறதா நினைப்பு, அந்தக் கரகரத் தொண்டையை வச்சுக்கிட்டு. 'அவ வரமாட்டா, அவ இல்லாம எனக்கு அங்க என்ன இருக்கு'ன்னான். நான் படியிலயே நின்னுட்டேன். எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது. கண்ணுல தண்ணி கூட வந்துது. அப்புறம் இறங்கி சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்தேன்.

பட்டாணியை அப்பவே ஊறப் போட்டிருந்தேன்.